நானா எழுதினேன்?

சொல்லும் சட்டமும் – 9

"நானா சார் எழுதினேன்? வந்துச்சு, அனுப்பினேன். அவ்ளோதானே!"

பட்டாபிராம் இந்து கல்லூரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இதைச் சொன்னவர் எங்கள் நகரில் எல்லோரும் மதிக்கும் பெரியவர். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரேஷன் கார்டில் பெயர் திருத்தமானாலும், தண்ணீர் லாரி வராவிட்டாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். அன்று அவர் கையிலிருந்த டீ ஆறி, மேலே ஆடை படிந்துபோயிருந்தது.

முந்தின நாள் காலை எங்கள் நகர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு சிசிடிவி படம் வந்தது. முதுகில் பெரிய பையுடன் ஓர் இளைஞன், யார் வீட்டு கேட்டுக்கோ வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறான். கீழே நாலு வரி. பகலில் நோட்டம் விட்டு ராத்திரியில் கைவரிசை காட்டும் கும்பல், எங்கே பார்த்தாலும் பிடியுங்கள், அதிகம் பகிருங்கள் என்று. பெரியவர் அதை ஆறு குழுக்களுக்குத் தள்ளிவிட்டார். மதியத்துக்குள் படம் சேக்காடு தாண்டி திருநின்றவூர் வரை போய்விட்டது.

சாயங்காலம் அந்த இளைஞனே வந்தான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. பார்சல் கொண்டுவந்து கொடுக்கிற பையன். கதவு எண் தெரியாமல் எட்டிப் பார்த்திருக்கிறான். யாரையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "இப்ப இதை எப்படி சார் திருப்பி வாங்குவீங்க?"

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் இந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற வாட்ஸ்ஆப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியபோது, நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் அப்பாவி ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது ஒரு கூட்டம். அதே வாரத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பத்தை வழிமறித்து அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அந்த வதந்தியை எழுதியது யார் என்று கேட்டால், அனுப்பியவர் ஒவ்வொருவரும் நம் பெரியவர் சொன்னதையேதான் சொல்லியிருப்பார்.

'நானா எழுதினேன்?' இந்த வார அத்தியாயம் முழுக்க இந்த ஒரு கேள்வியின் கதைதான். இந்தியாவில் அந்தரங்க உரிமை பற்றிய மிக முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று, 'இதை எழுதியது யார்' என்ற சண்டையில் பிறந்தது. பிறந்ததும் நம் தமிழ்நாட்டில்தான்.

சென்ற வாரம் லட்சுமிகாந்தனைப் பார்த்தோம். 'சினிமா தூது', 'இந்துநேசன்' என்று நடத்தி, நட்சத்திரங்களின் படுக்கையறைச் சேதிகளை விற்றவர். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு ஏறி, 1947-இல் விடுதலையானார்கள். அந்தக் கதையில் ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எழுதியது யார், எந்த முகவரியில் இருக்கிறார், யார் மேல் வழக்குப் போட வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்.

தெரிந்ததற்குக் காரணம் பத்திரிகைகளின் கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் வரும் ஒரு வரி. அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார், அச்சகம் இன்ன தெரு, ஆசிரியர் இன்னார் என்று இருக்கும். வாசகர்கள் யாரும் படிப்பதில்லை. சட்டம் அதைத்தான் முதலில் படிக்கும். 1867-ஆம் ஆண்டின் அச்சக, புத்தகப் பதிவுச் சட்டம் அந்த வரியைக் கட்டாயமாக்கியது. அச்சுக்கூடத்தைக் கண்டு பயந்த வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும், அவனுக்கு ஒரு விலாசம் இருக்க வேண்டும் என்ற நல்ல பழக்கத்தையும் அது கூடவே கொண்டுவந்தது. சட்டமே 2024 மார்ச்சில் புதுச் சட்டத்துக்கு வழிவிட்டு விடைபெற்றுவிட்டது. அந்தப் பொடி எழுத்து வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரும்.

இனி 1991-க்குப் போவோம்.

கௌரிசங்கர் என்ற பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆட்டோ சங்கர் என்றால் அன்றைய தமிழ்நாட்டில் தெரியாத ஆளில்லை. திருவான்மியூர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டி, சாராயம் கடத்தி, பாலியல் தொழில் நடத்தி, 1980-களின் கடைசியில் ஆறு கொலைகளில் மாட்டியவன். செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31 அன்று அவனுக்குத் தூக்கு விதித்தது. அன்றைக்கு நம் பட்டாபிராமும் செங்கல்பட்டு மாவட்டம்தான். திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-இல். 1992 ஜூலையில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 1994 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. குடியரசுத் தலைவருக்குப் போட்ட கருணை மனு மட்டும் மிச்சமிருந்தது.

அந்த இடைவெளியில்தான் 'நக்கீரன்' ஓர் அறிவிப்புச் செய்தது. 1994 மே 21 இதழ். ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையிலிருந்தபோது தன் வரலாற்றை எழுதியிருக்கிறான், சுமார் 300 பக்கம், அதை நாங்கள் தொடராக வெளியிடப்போகிறோம் என்று. பத்திரிகை சொன்ன கதை இது: சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே அந்தக் கையெழுத்துப் பிரதி சங்கரின் மனைவி கைக்கு வந்தது, அவர் வழியாக வழக்கறிஞரிடம் போனது, நக்கீரனில் வர வேண்டும் என்பது சங்கரின் விருப்பம். பிரதிக்குள் என்ன இருந்தது? பல ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளோடு தனக்கிருந்த நெருக்கம். அவர்களில் சிலர் தன் குற்றங்களுக்கு உடந்தை என்ற சொல்.

அந்த நாட்களில் வாரப் பத்திரிகை எப்படி வரும் என்று வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஸ்டேஷன் பெட்டிக்கடையில் சணல் கயிறு கட்டி, கிளிப் மாட்டிய போஸ்டர் தொங்கும். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் போஸ்டரை மட்டும் படித்துவிட்டுப் போவார்கள். பத்துப் பேரில் ஒருவர் வாங்குவார். அந்த ஒரு பிரதி டீக்கடை பெஞ்சு, சலூன் என்று சுற்றிவிட்டு, கடைசியில் வடை மடிக்கப் போகும். பழியோ உண்மையோ, ஒரு சொல்லின் ஆயுள் பெரும்பாலும் ஒரு வாரம்.

1994 ஜூன் 15 அன்று சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து நக்கீரனுக்கு ஒரு கடிதம் வந்தது. அது சங்கர் எழுதியதே இல்லை, பொய், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று. அதிகாரிகள் சிறைக்குள் சங்கரையே மிரட்டி, மறுப்புக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள் என்று பத்திரிகை பதிலுக்குக் குற்றம்சாட்டியது. ஒரு பக்கம் "அவன்தான் எழுதினான்", மறுபக்கம் "அவன் எழுதவில்லை". நம் பெரியவரின் கேள்வி அப்படியே தலைகீழாக நிற்கிறது பாருங்கள்.

நக்கீரன் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மனுதாரர் பெயர் ஆர்.ராஜகோபால். ஊர் அறிந்த நக்கீரன் கோபால்தான். மனுவில் அவரை அறிமுகப்படுத்தும் வார்த்தைகள்: ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து வரி முதல் பக்கத்துக்கு ஏறி நீதிமன்றத்தில் நின்றது. சட்டப் புத்தகங்களில் வழக்கின் பெயர் 'ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு'. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் வாயில் இன்றைக்கும் 'ஆட்டோ சங்கர் கேஸ்'.

நீதிபதிகள் பி.பி.ஜீவன் ரெட்டியும் சுஹாஸ் சென்னும் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். சங்கரும் அவன் மனைவியும் வழக்கில் கட்சிக்காரர்களாகச் சேர்க்கப்படவில்லை. எழுதியது அவன்தானா என்று அவனையே கேட்டுத் தீர்க்க வழியில்லை. ஆகவே நீதிபதிகள் ஓர் அனுமானத்தில் ஏறி நின்றார்கள்: அவன் எழுதவும் இல்லை, வெளியிடச் சொல்லவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒருவன் சம்மதமில்லாமல் அவன் வாழ்க்கையை இன்னொருவர் எழுதலாமா?

பதிலை இரண்டு பாகமாகச் சொன்னார்கள்.

முதல் பாகம் தனிமனிதனுக்கு. தன்னை யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்க விடும் உரிமை, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமைக்குள் அடக்கம். குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு என்று ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் சம்மதமில்லாமல் எழுதக்கூடாது. உண்மையாக இருந்தாலும் கூடாது, புகழ்ந்து எழுதினாலும் கூடாது. மீறினால் நஷ்டஈடு. தானாகவே வம்பில் இறங்கியவர் கதை வேறு. பொது ஆவணங்களில், கோர்ட் பதிவுகளில் இருப்பதை எழுத மட்டும் யார் சம்மதமும் தேவையில்லை. அதற்குள்ளும் ஒரு விலக்கு வைத்தார்கள்: பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் கோர்ட் பதிவிலேயே இருந்தாலும் பத்திரிகையில் வரக்கூடாது.

இரண்டாம் பாகம் அதிகாரத்தில் இருப்பவருக்கு. உத்தியோகக் கடமை பற்றி எழுதினால், அந்தரங்கம் என்று சொல்லி அதிகாரி ஒளிந்துகொள்ள முடியாது. எழுதியது பொய்யாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார்கள் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். விசாரித்துப் பார்த்துத்தான் எழுதினோம் என்று காட்டினால் பத்திரிகைக்குப் போதும். அரசோ உள்ளாட்சி மன்றமோ தன் மானம் போய்விட்டதென்று நஷ்டஈடு கேட்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது. மானம் போனதாக நினைக்கும் அதிகாரி, வெளிவந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இதில் பாதியை அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்கள் போராட்டத்தைப் பற்றி வந்த ஒரு விளம்பரத்தில் சில சின்னத் தவறுகள் இருந்தன. அதை வைத்து உள்ளூர் அதிகாரி சல்லிவன் 'நியூயார்க் டைம்ஸ்' மேல் போட்ட வழக்கை 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியிருந்தது. டெர்பிஷையர் கவுன்டி கவுன்சில் பத்திரிகைமேல் மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்று 1993-இல் லண்டனில் பிரபுக்கள் சபை சொல்லியிருந்தது. அந்தரங்க உரிமையை முதலில் எழுத்தில் வடித்தவர்களும் அமெரிக்க வழக்கறிஞர்கள் இருவர்தான், 1890-இல். கையடக்க கேமராவும் வம்புப் பத்திரிகையும் அப்போது புதிது. ஒவ்வொரு புதுக் கருவி வரும்போதும் ஊர்க்கண்ணுக்குத் திரை போட வேண்டியிருக்கிறது.

நக்கீரனுக்குக் கிடைத்தது என்ன? பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு, சங்கரின் சம்மதம் இல்லாமலே அவன் கதையை வெளியிடலாம். அதற்கு மேல் போனால், அவன் எழுதித் தந்ததாக இல்லாதபட்சத்தில், விளைவுக்கு அவர்களே பொறுப்பு. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டான். ஆறு பேரைக் கொன்றவன் பெயரில் இந்தக் குடியரசின் மக்கள் எல்லோருக்கும் ஓர் உரிமை எழுதப்பட்டது.

எழுதப்பட்ட உரிமைக்கு ஓர் ஓட்டையும் இருந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்று சொல்ல இடம்தரும் பழைய தீர்ப்புகள் இரண்டு இருந்தன. 1954-இல் எட்டு நீதிபதிகள் சொன்னது ஒன்று, 1962-இல் ஆறு பேர் சொன்னது இன்னொன்று. இரண்டு நீதிபதிகள் சொன்ன ஆட்டோ சங்கர் தீர்ப்பு அவற்றின் நிழலில் 23 வருடம் நின்றது. ஆதார் வழக்கில் மத்திய அரசே அந்தப் பழைய தீர்ப்புகளைத் தூக்கிப் பிடித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று சொல்லி ஓட்டையை அடைத்தார்கள்.

அவதூறுப் பக்கம் கதை வேறு மாதிரிப் போனது. நஷ்டஈடு கேட்க முடியாது என்றுதானே 1994 தீர்ப்பு அரசின் கையைக் கட்டியது? குற்றவியல் அவதூறு என்ற இன்னொரு கை இருக்கிறது. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள், இரண்டு வருடம் வரை சிறை. அமைச்சரையோ முதல்வரையோ பற்றி எழுதினால், அவர்கள் படியேறாமலே அரசு வழக்கறிஞர் நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். தமிழ்நாட்டில் அந்தக் கை ஓய்ந்ததே இல்லை. ஜெயலலிதா ஆட்சியில் பத்திரிகைகள் மீதும் எதிர்க்கட்சியினர் மீதும் வழக்குகள் குவிந்தன. அவற்றை எதிர்கொண்டவர்களில் ஒருவரான சுப்பிரமணியன் சுவாமி அந்தப் பிரிவுகளையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். ஒருவருடைய நற்பெயரும் 21-ஆம் பிரிவு தரும் உரிமைதான், ஆகவே சட்டம் செல்லும் என்று 2016 மே 13 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் பிரஃபுல்ல சந்திர பந்த்தும் சொல்லிவிட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 2020 மே மாதம், 'இந்து' என்.ராம் முதலானவர்கள் மேலிருந்த அவதூறு வழக்குகளை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், தனிமனிதன் போல அரசு அவசரப்பட்டு இந்த வழக்குகளைப் போடக்கூடாது என்று கண்டித்தது. 2024 ஜூலையிலிருந்து பிரிவு எண் 356, பெயர் பாரதிய நியாய சன்ஹிதா. சமூக சேவையும் தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. மற்றபடி சரக்கு பழையதே.

அந்தப் பழைய சட்டத்தில் நம் பெரியவர் கவனிக்க வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. அவதூறை 'உருவாக்கினாலும் வெளியிட்டாலும்' குற்றம். எழுதியவனோடு சட்டம் நிற்கவில்லை. தெரிந்தே அச்சடித்தவனுக்கு 501, தெரிந்தே விற்றவனுக்கு 502 என்று வரிசையாகப் பிரிவுகள் வைத்திருந்தது. கம்போசிட்டர் முதல் கடைக்காரர் வரை, சொல் யார் யார் கை மாறிப் போகிறதோ அந்தக் கைகளெல்லாம் கணக்கில் வரும்.

கை மாறுவதற்கு இப்போது அச்சகம் தேவையில்லை, கட்டைவிரல் போதும் என்றானபோது இந்தக் கேள்வி கோர்ட்டுக்கு வந்தது. கொண்டுவந்தது நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகரின் ஒரு ஃபேஸ்புக் பகிர்வு.

2018 ஏப்ரலில் செய்தியாளர் சந்திப்பில் ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தைத் தட்டியது பெரிய சர்ச்சையாகி, அவர் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சூட்டில் பெண் பத்திரிகையாளர்களை மொத்தமாக இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை யாரோ எழுத, சேகர் அதைத் தன் பக்கத்தில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அவர் தரப்பு வாதத்தைப் பெரியவர் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்: நான் எழுதவில்லை, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன். வழக்கு அவதூறுப் பிரிவில் வந்ததல்ல. பெண்களை இழிவு செய்ததாக வேறு பிரிவுகளிலும், தமிழ்நாட்டின் பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வந்தது. ஆனாலும் கேள்வி அதேதான்.

2018 மே மாதம் முன்ஜாமீன் மறுத்தபோதே, பகிர்வதென்றால் அதை ஒப்புக்கொண்டு வழிமொழிவதுதான் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கையே ரத்து செய்யக் கேட்டு 2023-இல் வந்தபோது நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அனுப்பிய செய்தி வில்லைவிட்டுப் போன அம்பு, அதன் காயத்துக்கு அனுப்பியவர்தான் பொறுப்பு என்று சொல்லி மறுத்தார். உச்ச நீதிமன்றத்தில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் படிக்க முடியவில்லை என்று வாதம் வந்தது. எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதம் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆக, ஃபார்வர்டு செய்தவர் தப்ப முடியாது. குழு அட்மின்? அவருக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடமிருக்கிறது. உறுப்பினரைச் சேர்ப்பது, நீக்குவது தவிர வேறெதுவும் செய்யாத அட்மினை, யாரோ போட்ட பதிவுக்காகக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் சொன்னார். எங்கள் நகர் குழுவின் அட்மின் இதைக் கேள்விப்பட்ட அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மிச்சம் இருப்பது முதலில் எழுதிய அந்த ஆள். அவரை எங்கே தேடுவது? பொடி எழுத்து வரி மறுபடி வருகிறது. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், சமூக வலைத்தளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று பொதுநல மனுக்கள் வந்தன. ஆதார் பேச்சு அடங்கி, விவாதம் வேறு பக்கம் திரும்பியது: வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தியை முதலில் உருவாக்கியவரைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி.காமகோடி. பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே இயக்குநர் ஆனவர். 2019-இல் அவர் சொன்ன யோசனை இது: ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் எழுதியவரின் அடையாளத்தையும் கோத்து அனுப்பிவிடலாம், எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும். 1867-ஆம் வருடத்துச் சட்டத்தை அப்படியே செல்போனுக்குள் இறக்கும் யோசனை.

வாட்ஸ்ஆப் ஒப்புக்கொள்ளவில்லை. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறோம், ஒரு வதந்திக்காரனைப் பிடிக்க எல்லோர் பூட்டையும் உடைப்பதா என்றது. பயமும் நியாயமானதுதான். வதந்திக்காரனுக்கு மாட்டும் அந்த வரி, லஞ்சத்தைக் காட்டிக்கொடுக்கும் குமாஸ்தா கழுத்திலும் மாட்டும். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், கடுமையான குற்றங்களில் நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற அதிகாரியோ உத்தரவிட்டால் முதலில் எழுதியவரைக் காட்ட வேண்டும் என்று கட்டளையிட்டன. வாட்ஸ்ஆப் அதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றம் போனது. அதன் கையிலிருந்த ஆயுதம் புட்டசாமி தீர்ப்பின் அந்தரங்க உரிமை. அந்தத் தீர்ப்புக்கு வழி வெட்டியவற்றில் ஒன்று ஆட்டோ சங்கர் தீர்ப்பு. சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறோம்.

1994 தீர்ப்பில் கோர்ட் பதிவை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள் என்று பார்த்தோம் அல்லவா? அந்தக் கதவுக்குப் பின்னால் அன்று இருந்தது செங்கல்பட்டு கோர்ட் ஆவண அறை. கேஸ் கட்டுகள், அவற்றின்மேல் தூசி. ஒரு தீர்ப்பைப் படிக்க வேண்டுமென்றால் மனுப்போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, நகல் வாங்க நாள் கணக்கில் நடக்க வேண்டும். சட்டப்படி பொது ஆவணம்தான். நடைமுறையில் அந்தத் தூசியே பாதி அந்தரங்கத்தைக் காப்பாற்றியது. நீதிபதிகள் தூசியைக் கணக்கில் எடுத்திருக்க நியாயமில்லை. அது இல்லாமல் போகும் என்று அன்றைக்கு யார் கண்டது?

போனதன் விளைவு உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. ஒரு வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் 2014-இல் குற்றமற்றவர் என்று விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை நீக்கக் கேட்டார். விடுதலை கொடுத்த அதே தீர்ப்புதான் அவர் பெயரை இணையத்தில் தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிறது. பெண் பார்க்கிற வீட்டிலும் வேலை கொடுக்கிற இடத்திலும் யாரும் கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. 2021 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதற்குச் சட்டம் இல்லை என்று வருத்தத்தோடு மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர்.விஜயகுமார் அமர்வு அதை மாற்றி, தீர்ப்பை நீக்கும்படி 'இந்தியன் கானூன்' இணையதளத்துக்கு உத்தரவிட்டது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. தீர்ப்புகளே மறைந்தால் நீதிமன்றத்தை யார் கண்காணிப்பது என்ற கவலை ஒரு பக்கம், விடுதலையானவன் ஆயுளுக்கும் கூண்டில் நிற்பதா என்ற கவலை மறுபக்கம்.

1994-இல் இரண்டு நீதிபதிகள் கவனமாகக் கட்டிய வீடு இரண்டு தூண்களின் மேல் நின்றது என்று இப்போது திரும்பிப் பார்க்கையில் புரிகிறது. சொல்லுக்குப் பின்னால் விலாசமுள்ள ஓர் ஆள் இருப்பான் என்பது ஒன்று. சொல் மெதுவாகப் பரவி, சீக்கிரம் மறக்கப்படும் என்பது மற்றது. சட்டத்தில் எங்கும் எழுதப்படாத தூண்கள். அவற்றைப் பெயர்த்து எறிந்தது எந்த அரசாங்கமும் அல்ல. ஆளுக்கு ஒரு செங்கல்லாக நாம்தான் எடுத்துவிட்டோம்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அவர் மறுபடியும் டீக்கடையில், "நானா எழுதினேன்?" என்றார், இந்தத் தடவை கொஞ்சம் சன்னமாக. சங்கரையும் சேகரையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். ஆறு குழுக்களில் ஒவ்வொன்றாகப் போய், படத்தை விரலால் அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் நீக்கு என்று கொடுத்தார். இரண்டு குழுக்களில் படத்துக்குக் கீழே ஏற்கெனவே வேறு யாரோ அதையே திரும்பப் போட்டிருந்தார்கள். அதை அவரால் அழிக்க முடியவில்லை.

அப்புறம் அந்தப் பையனின் அம்மா நம்பரை என்னிடம் கேட்டார். எங்கள் தெருவிலேயே பார்சல் வாங்கும் வீட்டில் விசாரித்துக் கொடுத்தேன். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை நகர் குழுவில் ஒரு செய்தி வந்தது. முந்தாநாள் நான் அனுப்பிய படத்தில் இருப்பவர் பார்சல் கொண்டுவரும் தம்பி, தவறு என்னுடையது, இதையும் அந்தப் படம் போன இடமெல்லாம் அனுப்புங்கள் என்று. கீழே முழுப் பெயர், கதவு எண், தெரு, பட்டாபிராம்.

ஊருக்கெல்லாம் அது எத்தனை தூரம் போனது என்று இந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேக்காடு வரை போயிருக்கிறது. திருநின்றவூருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

(அடுத்த வாரம்: 2012, புதுச்சேரி. ஒரு ட்வீட், ஒரு கைது, 66-ஏ என்ற பிரிவு.)